பாக்கின் 'மத்தேயு பாடுகள்': கேட்கத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தவக்காலம் வந்தால் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் 'மத்தேயு பாடுகள்', அதாவது மத்தேயு சொல்லும் இயேசுவின் பாடுகளை இசையாக்கிய படைப்பு, எங்காவது கண்ணில் படும். சுமார் இரண்டே முக்கால் மணி நேரம், ஜெர்மன் மொழி, இரண்டு பாடற்குழு, இரண்டு வாத்தியக்குழு. பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பிறகு பார்ப்போம்" என்று மூடிவிடத் தோன்றும். மூடிவிடாதீர்கள். மத்தேயு 26, 27 அதிகாரங்களைத் தமிழில் வாசித்து வளர்ந்தவருக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். மீதிப் பாதிக்குள் நுழையும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இயேசு எப்படி மரித்தார் என்பது, பாக் இதை முதலில் பாடவைத்த ஜெர்மன் நகரமான லைப்ஸிக்கின் சபையாருக்குத் தெரியாத செய்தி அல்ல. பாக் அவர்களுக்கு முன் வைத்த கேள்வி, "இந்தப் பலியில் நான் எங்கே நிற்கிறேன்?" என்பது. இந்த இசையில் 'நான்' என்று பேசும் குரல் எந்தெந்த இடத்தில் வருகிறது, ஒவ்வொரு முறையும் என்ன சொல்கிறது என்று கவனித்துக்கொண்டே போனால், மீட்பு என்று எதைச் சொல்கிறார்கள் என்பது காதுக்கே புரிந்துவிடும்.

தொடங்கும் முன்: யார் யார் பாடுகிறார்கள்

கத்தோலிக்க ஆலயத்தில் பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் பிரித்து வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் கதை சொல்வார், ஒருவர் இயேசுவின் சொற்களை வாசிப்பார், மற்றவர்களின் பேச்சு மூன்றாமவருக்கு. அந்த மரபிலிருந்து வளர்ந்ததுதான் இதுவும். டெனர் குரலில் (உயர்ந்த ஆண் குரல்) பாடும் சுவிசேஷகன் கதையை நடத்துவார். இயேசுவுக்கு பாஸ் குரல் (தாழ்ந்த ஆண் குரல்). அவர் வாய் திறக்கும்போதெல்லாம் தந்தி வாத்தியங்கள் நீண்ட சுரங்களால் அவரைச் சூழ்ந்துகொள்ளும். சீஷர்கள், ஆசாரியர்கள், கூட்டம் ஆகியோரின் பேச்சு பாடற்குழுவுக்கு.

வேத வசனத்துக்கு வெளியே இரண்டு வகை உண்டு. ஒன்று, தனிக்குரல் பாடும் ஏரியாக்கள். இவற்றுக்கு வரிகள் எழுதியவர் பிக்காண்டர் என்ற புனைபெயரில் எழுதிய கிறிஸ்டியன் ஃபிரீட்ரிஷ் ஹென்ரிட்சி. இன்னொன்று கோரல், அதாவது சபையார் ஞாயிறுதோறும் பாடிப் பழகிய ஞானப்பாட்டு. கதையை நிறுத்தி 'நான்' பேசுவது இந்த இரண்டிலும்தான்.

முதன்முதலில் பாடப்பட்டது லைப்ஸிக் தோமா ஆலயத்தில், 1727 ஏப்ரல் 11, பெரிய வெள்ளி மாலை ஆராதனையில் என்பதே இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு. 1736இல் பாக் இதைத் திருத்தி, தன் கையால் அழகாகப் படியெடுத்தார். அந்தப் பிரதி பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. சுவிசேஷ வசனங்களைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.

முதல் படி: வேதத்தை எடுத்து வாய்விட்டு வாசியுங்கள்

மத்தேயு 26, 27. மொத்தம் 141 வசனம், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நினைவிலிருந்து ஓட்டாதீர்கள். நம் நினைவில் நான்கு சுவிசேஷங்களும் கலந்து கிடக்கின்றன. மும்மணி தியான ஆராதனையில் ஏழு வார்த்தைகள் கேட்டுப் பழகியவர்கள் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" எங்கே என்று தேடுவார்கள். அது லூக்காவில். மத்தேயுவின் சிலுவையில் இயேசு பேசுவது ஒரே ஒரு வார்த்தை: "ஏலீ! ஏலீ! லாமா சபக்தானி." அந்தத் தனிமையை நெஞ்சில் வாங்கிக்கொண்ட பிறகு இசைக்குப் போங்கள்.

கூடவே, பாடல் வரிகள் எண்ணிட்டு அச்சான ஒரு தாளோ கோப்போ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பதிப்புகளில் எண்கள் 1 முதல் 68 வரை. பழைய பதிவுகளில் 78 வரை போகும். நான் சொல்லும் எண்கள் 68 கணக்கில்.

இரண்டாம் படி: தெரிந்த மெட்டிலிருந்து நுழையுங்கள்

"இரத்தம் காயம் குத்தும் நிறைந்து" என்ற பாட்டு லுத்தரன் சபையாருக்கும் சி.எஸ்.ஐ. சபையாருக்கும் பெரிய வெள்ளியின் பாட்டு. அந்த மெட்டுதான் இந்த இசையின் முதுகெலும்பு. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டு அது. பிற்பாடு பவுல் கெர்ஹார்ட், முள்முடி சூடிய சிரசைப் பார்த்துப் பேசும் பழைய லத்தீன் கவிதையை ஜெர்மனில் பாட்டாக்கினார். அது இந்த மெட்டில் நிலைத்துவிட்டது. நம்மிடம் வந்த வழியும் பக்கத்து வழிதான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, லைப்ஸிக்குக்கு அருகிலுள்ள ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் உருவானவர். அந்த மிஷன் வழியாக ஜெர்மன் ஞானப்பாட்டுகள் மெட்டோடு தமிழுக்கு வந்தன.

இந்த மெட்டை பாக் ஐந்து முறை கொண்டுவருகிறார்: எண் 15, 17, 44, 54, 62. ஐந்தையும் மட்டும் தனியாக எடுத்து வரிசையாகக் கேளுங்கள். மெட்டு ஒன்று, ஆனால் கீழே நகரும் சுரக்கட்டு (மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் மற்றக் குரல்களின் சுரங்கள்) மாறிக்கொண்டே போகும். 15இலும் 17இலும் சுரக்கட்டுகூட ஒன்றுதான், 17 அரைச் சுரம் கீழே இறங்கியிருக்கும், அவ்வளவே.

அந்த அரைச் சுரத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 15க்கும் 17க்கும் நடுவில் பேதுரு, "நான் உம்மோடே மரிக்கவேண்டியதாயிருந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன்" என்கிறான். உடனே சபை எண் 17இல், "நான் உம்மண்டையில் இங்கே நிற்பேன்" என்ற பொருளில் பாடுகிறது. பேதுரு கொடுத்த அதே வாக்கைத்தான் சபையும் கொடுக்கிறது, சற்றே தாழ்ந்த குரலில். பேதுரு என்ன ஆனான் என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் சபை? பாக் பதில் சொல்லாமல் கெத்செமனேக்குள் போய்விடுகிறார்.

மூன்றாம் படி: பந்தியில் ஒரு கேள்வி

எண் 9, 10. இரண்டும் சேர்ந்து சில நிமிடம்தான். முழுப் படைப்பையும் ஒருவருக்கு அறிமுகப்படுத்த ஓர் இடம் மட்டும் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்கிறார் இயேசு. "ஆண்டவரே, நானோ, நானோ" என்று சீஷர்கள் பதறுகிறார்கள். பாடற்குழு அதைச் சிதறலாக, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கேட்பதுபோலப் பாடும். 'ஆண்டவரே' என்ற விளியை எண்ணிப் பாருங்கள், பதினொரு முறை வரும். யூதாஸ் அந்தக் கூட்டத்தில் கேட்கவில்லை, அவன் கேள்வி பிறகு தனியாக வருகிறது. பதினொருவரின் கேள்விக்கு வேதத்தின்படி அடுத்துப் பேசவேண்டியவர் இயேசு. பாக் அவரைப் பேசவிடாமல் சபையை எழுப்புகிறார். "நான்தான், தண்டனைக்குரியவன் நான்தான்" என்று கோரல் ஒலிக்கிறது. சத்தம் போடாத, சாந்தமான மெட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்பவன் குரலை உயர்த்துவதில்லை.

இதுவரை மேடையில் நடந்துகொண்டிருந்த கதை, இந்த ஓர் இடத்தில் இருக்கைகளுக்கு இறங்கிவிடுகிறது. 9ஐ ஒருமுறை தனியாகக் கேளுங்கள். பிறகு 9ஐயும் 10ஐயும் இடைவெளி விடாமல் கேளுங்கள். நடுவில் விளம்பரம் வந்து வெட்டாத பதிவாக இருப்பது நல்லது.

நான்காம் படி: இப்போது முகப்பு வாசல்

எண் 1ஐ இவ்வளவு தூரம் தள்ளிவைத்ததற்குக் காரணம், அது முதல் கேட்பில் காதை நிரப்பித் திணறடித்துவிடும். ஒரு பீட்டுக்கு மூன்றாக நகரும் நடை. நம் கணக்கில் திஸ்ர நடை என்று வைத்துக்கொள்ளலாம். கீழே ஒரே சுரம் மத்தளம்போல் இடித்துக்கொண்டிருக்க, மேலே ஊர்வலம் நகர்கிறது. முதல் பாடற்குழு, "வாருங்கள் குமாரத்திகளே, என்னோடு புலம்புங்கள், பாருங்கள்" என்று அழைக்கும். இரண்டாம் குழு "யாரை? எப்படி? எதை? எங்கே?" என்று குறுக்கிட்டுக் கேட்கும். வலது இடது காதுகளில் இரண்டு குழுவும் பிரிந்து கேட்கும்படி இயர்போனில் கேளுங்கள்.

இந்தக் கேள்வி பதில்களுக்கு மேலே மூன்றாவதாக ஒரு குரல் வரும். பெரும்பாலும் சிறுவர் குழு. "குற்றமில்லாத தேவ ஆட்டுக்குட்டியே, சிலுவை மரத்தில் அறுக்கப்பட்டவரே" என்ற பொருளுள்ள பழைய ஞானப்பாட்டை நீண்ட சுரங்களில் பாடுவார்கள். கீழே எல்லாம் சோகச் சாயலுள்ள மைனர் சுரவரிசையில் அழ, இந்த மெட்டு மட்டும் தெளிவான சாயலுள்ள மேஜரில் தெளிந்து நிற்கும். பலியும் மீட்பும் ஒரே நேரத்தில் ஒலிப்பது என்றால் இதுதான். கதை தொடங்குவதற்கு முன்பே கதையின் பொருளை மேலே எழுதிவைத்துவிட்டார் பாக்.

ஐந்தாம் படி: பேதுருவும் யூதாசும்

எண் 38 முதல் 42 வரை ஒரே இருப்பில் கேளுங்கள்.

பேதுரு மூன்றாம் முறை மறுதலிக்கிறான், சேவல் கூவுகிறது, "வெளியே போய், மனங்கசந்து அழுதான்." அதுவரை நேராகக் கதை சொல்லிவந்த சுவிசேஷகனின் குரல் அந்த ஒரு வரியில் உடைந்து, ஏறி இறங்கி நெளியும். உடனே எண் 39. ஒற்றை வயலின் முன்னுரை பாடுகிறது, கீழே தந்திகளில் துளித்துளியாக மீட்டல். பிறகு ஆல்டோ குரல் (சோப்ரானோவுக்கு அடுத்துத் தாழ்ந்தது), "இரங்கும், என் தேவனே, என் கண்ணீரைப் பார்த்து இரங்கும்." பாடுவது பேதுரு அல்ல. அவன் வெளியே போய்விட்டான். அவன் விட்டுப்போன அழுகையை வேறொரு 'நான்' எடுத்துக்கொள்கிறது. வயலின் சொல்வதைக் குரலால் முழுதாகத் திருப்பிச் சொல்ல முடியாமல் போவதைக் கவனியுங்கள். அதற்கடுத்த கோரலின் (எண் 40) மெட்டு கேட்டதுபோல் இருந்தால் வியப்பில்லை. திருமணங்களில் ஆர்கனில் வாசிக்கும் பாக்கின் புகழ்பெற்ற கோரலிலும் இதே மெட்டுதான். இங்கே அது, உம்மை விட்டு விலகினாலும் திரும்பி வந்தேன் என்கிறது.

யூதாஸ் திரும்பி வரவில்லை. வெள்ளிக்காசுகளை எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டு செத்தான். அவனுக்குப் பிறகு வரும் எண் 42இல் ஒரு பாஸ் குரல், "என் இயேசுவை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஆசாரியர்களிடம் கேட்கிறது. அந்தப் பாட்டு யூதாசைக் குறிக்கும் பெயர் 'கெட்டுப்போன குமாரன்'. லூக்கா சுவிசேஷத்தில் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டானே, அந்தக் குமாரன். இசையும் மேஜரில் துள்ளி ஓடுகிறது. யூதாசைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கடந்துபோக இங்கே இடமில்லை. பிரசங்கங்களில் இதைவிடத் துணிந்து யூதாசைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை.

ஆறாம் படி: முழுப் படைப்பின் நடுப்பகுதி

எண் 45 முதல் 50 வரை. அவசரமில்லாத ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள்.

எவனை விடுதலையாக்க வேண்டும் என்று பிலாத்து கேட்கிறான். "பரபாசை!" இரண்டு குழுவும் சேர்ந்து ஒரே ஒரு கூச்சல், நெஞ்சை அடைக்கும் அபஸ்வரக் கூட்டு. தொடர்ந்து "சிலுவையில் அறையவேண்டும்" என்று குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கிக்கொண்டு ஏறுகின்றன. அது முடிந்ததும் கோரல் 46: மேய்ப்பன் ஆடுகளுக்காகப் பாடுபடுகிறான், ஊழியர்களின் கடனை எஜமான் கட்டுகிறான், எவ்வளவு விந்தையான தண்டனை இது. பலி என்ற கோட்பாட்டை நான்கே வரியில் சபை பாடிவிடுகிறது.

பிலாத்து மீண்டும், "ஏன், என்ன பொல்லாப்புச் செய்தான்?" கூட்டம் பதில் சொல்வதற்குள் கதை நிற்கிறது. ஒரு சோப்ரானோ குரல் (மிக உயர்ந்த குரல்) பிலாத்துக்குப் பதில் சொல்கிறது: எங்கள் எல்லாருக்கும் நன்மை செய்தார், குருடருக்குப் பார்வை கொடுத்தார், முடவரை நடக்கவைத்தார், வேறொன்றும் செய்யவில்லை. பிறகு எண் 49, "அன்பினாலே என் இரட்சகர் சாக மனதாயிருக்கிறார்."

இந்த 49ஐ நெருங்கிப் பார்க்க வேண்டும். பாக் காலத்து இசையில் ஆர்கனும் செல்லோவும் சேர்ந்து கீழே ஓர் அடிக்குரலை விடாமல் நடத்தும். அது இல்லாத இசை அன்று அபூர்வம். 49இல் அந்த அடிக்குரலை முழுதாக எடுத்துவிட்டார். ஒரு புல்லாங்குழல், ஒரு சோப்ரானோ குரல், கீழே தாழ்ந்த குரலுடைய இரண்டு ஓபோக்கள் (நாதஸ்வரம்போல் ஊதும் வாத்தியம்) விட்டுவிட்டுத் தொடும் சுரங்கள். அவ்வளவுதான். தரையில்லாமல் அந்தரத்தில் நிற்கும் இசை. புல்லாங்குழல் சில இடங்களில் ஒரு சுரத்தின்மேல் தங்கி நின்றுவிடும், மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருக்கும். குற்றம் இல்லை, கட்டாயமும் இல்லை, தீர்ப்பைத் தாங்கும் காரணம் எதுவும் கீழே இல்லை. அன்பு ஒன்றே காரணம் என்று அந்தப் பாட்டு சொல்வதை வாத்திய அமைப்பே செய்து காட்டுகிறது.

அது முடிந்த மறுகணமே கூட்டம் மறுபடி "சிலுவையில் அறையவேண்டும்!" அதே இசை, ஒரு முழுச் சுரம் மேலே. இரண்டு கூச்சல்களுக்கு நடுவே அந்தப் புல்லாங்குழலைப் பாதுகாப்பாக வைக்கவில்லை பாக். திறந்த வெளியில் வைத்திருக்கிறார். 45 முதல் 50 வரை கேட்டபின் 49ஐ மட்டும் இன்னொருமுறை கேளுங்கள்.

இதே எண் 50இல், "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்ற வசனமும் வருகிறது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக யூதர்களைத் துன்புறுத்த இந்த வசனம் ஆயுதமாக்கப்பட்டது. இதைத் தெரியாமல் கேட்கக்கூடாது. பந்தியில் சபையைக்கொண்டு "நான்தான்" என்று சொல்லவைத்த படைப்பு இது என்பதையும் மறக்கக்கூடாது. பழியை இன்னொரு ஜனத்தின்மேல் தள்ளிவிட்டு எழுந்துபோக இந்தப் படைப்பின் கோரல்கள் இடம் தருவதில்லை.

ஏழாம் படி: கொல்கொதா

எண் 58 முதல் 63 வரை. இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை, இரண்டே இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது "ஏலீ! ஏலீ!" இயேசுவின் குரலைச் சூழ்ந்துவந்த தந்தி ஒலி அங்கே இல்லை. தொடக்கத்திலிருந்து அது இருந்ததைக் காது பழகியிருந்தால்தான் இல்லாதது தெரியும். கைவிடப்பட்டதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. அவர் உயிர்விட்டதும் ஐந்தாம் முறையாக நம் மெட்டு, எண் 62: "நான் ஒருநாள் பிரியும்போது நீர் என்னைவிட்டுப் பிரியாதேயும்." ஐந்தில் மிகவும் விசித்திரமான சுரக்கட்டு இதற்குத்தான். கைவிடப்பட்டவரிடம் போய், என்னைக் கைவிடாதேயும் என்று கேட்கிறது சபை.

இரண்டாவது, பூமி அதிர்ந்தபின் நூற்றுக்கு அதிபதியும் உடனிருந்தவர்களும் சொல்லும் "மெய்யாகவே இவர் தேவனுடைய குமாரன்." அரை நிமிடம்கூட வராது. கூச்சலிட்ட அதே இரண்டு குழுக்கள் இப்போது ஒன்றாகச் சேர்ந்து, எழும்பித் தணிகின்றன. கவனம் சிதறினால் தவறிவிடும்.

எட்டாம் படி: மாலைக் குளிர்ச்சியில்

உயிர்த்தெழுதல் இந்த இசையில் இல்லை. கல்லறைக்கு முத்திரை போடுவதோடு முடிகிறது. அப்படியானால் மீட்பு எங்கே என்று கேட்பவர் எண் 64க்குப் போகட்டும். குளிர்ச்சியான மாலையில் ஆதாமின் வீழ்ச்சி வெளிப்பட்டது, மாலையில் புறா ஒலிவ இலையோடு திரும்பியது, இந்த மாலையில் தேவனோடு சமாதானம் உண்டாயிற்று என்கிறது பாஸ் குரல். ஏதேனையும் நோவாவின் பேழையையும் கொல்கொதாவையும் ஒரே மாலையில் சேர்த்துவிடுகிறார் பிக்காண்டர். அவர் எழுதியதில் இதுவே சிறந்தது என்பேன்.

அரிமத்தியா யோசேப்பு சரீரத்தைக் கேட்டுவிட்டான், இன்னும் எடுத்துச் சுற்றவில்லை. அந்த இடைவெளியில் எண் 65: "என் இருதயமே, உன்னைச் சுத்தமாக்கு, இயேசுவை நானே அடக்கம்பண்ணுவேன்." பந்தியில் "நானோ?" என்று தொடங்கி, "நான்தான்" என்று ஒப்புக்கொண்டு, "உம்மண்டையில் நிற்பேன்" என்று வாக்குக் கொடுத்து, "இரங்கும்" என்று அழுத அதே 'நான்', இங்கே தன் இருதயத்தையே கல்லறையாகக் கொடுக்கிறது. முகப்பில் புலம்பிய திஸ்ர நடை இங்கேயும் உண்டு, ஆனால் தாலாட்டுக்குரிய அசைவோடு. எண் 67இல் நான்கு தனிக்குரல்கள் ஒவ்வொன்றாக விடைபெற, எண் 68இல் எல்லாரும் கண்ணீரோடு உட்கார்கிறார்கள். கடைசிக் கூட்டுச்சுரத்தில் ஒரு சுரம் இடத்துக்கு வராமல் உரசி நின்று, பிறகே அடங்கும்.

கடைசிப் படி: முழுவதும் ஒரே மூச்சில்

பகுதிகள் காதில் பதிந்தபிறகு ஒருநாள் முழுவதையும் கேளுங்கள். லைப்ஸிக்கில் முதல் பகுதி முடிந்ததும் (எண் 29) பிரசங்கம் நடந்தது. நீங்களும் அங்கே எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆனால் இரண்டாம் பகுதியை நடுவில் நிறுத்தாதீர்கள்.

எந்தப் பதிவு? நெதர்லாந்து பாக் சொசைட்டி முழுப் படைப்பையும் காணொளியாக இலவசமாக யூடியூபில் வைத்திருக்கிறது. யார் எப்போது பாடுகிறார்கள் என்று கண்ணால் பார்க்க முடிவதால் முதல்முறைக்கு இதுவே நல்லது. ஜான் எலியட் கார்டினரின் 1988 பதிவு விறுவிறுப்பானது, கூட்டத்தின் கூச்சல்கள் அதில் உண்மையிலேயே பயமுறுத்தும். ஜப்பானியரான மசாக்கி சுசூக்கியின் பதிவுகள் நிதானமும் தெளிவும் உள்ளவை. 1960களின் தொடக்கத்தில் ஓட்டோ கிளெம்பரர் நடத்திய பதிவு மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும். முகப்புப் பாடலை ஒருமுறை அந்த வேகத்தில் கேளுங்கள், முழுவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இது பிடித்துப்போனால் அடுத்து 'யோவான் பாடுகள்'. பாக் 1724 பெரிய வெள்ளிக்கு எழுதியது. இதைவிடச் சிறியது, வேகமானது. பெரிய வெள்ளியன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படுவது யோவானின் வரலாறுதான் என்பதால், அந்த வழிபாட்டில் வளர்ந்தவர்கள் அதையே முதலில் எடுத்துக்கொண்டாலும் சரிதான்.